சிவப்பா, பச்சையா? நியூ மெக்ஸிகோ உணவகத்தில் நண்பரோடு ஒரு சாப்பாடு

அமெரிக்காவின் தென்மேற்கில், நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் சிறிய உணவகம் ஒன்றில் உட்கார்ந்து நீங்கள் எதைக் கேட்டாலும், பரிமாறுபவர் உடனே ஒரு கேள்வி கேட்பார்: “ரெட் ஆர் கிரீன்?” தட்டின் மேல் ஊற்றப்போவது காய்ந்த சிவப்பு மிளகாயில் செய்த குழம்பா, சுட்ட பச்சை மிளகாயில் செய்த குழம்பா என்பதுதான் கேள்வி. மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியாகவே இதைச் சட்டமன்றம் ஏற்றிருக்கிறது. இதற்கு ஒரே சொல்லில் இன்னொரு பதிலும் உண்டு. “கிறிஸ்துமஸ்” என்று சொன்னால் பாதித் தட்டில் சிவப்பும் பாதித் தட்டில் பச்சையுமாக இரண்டும் வரும்.

படிக்கவோ வேலைக்கோ ஆல்புகர்க்கி, சான்டா ஃபே, லாஸ் அலமோஸ், லாஸ் க்ரூசஸ் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கும், டெக்ஸஸிலோ கலிஃபோர்னியாவிலோ இருந்துகொண்டு விடுமுறைக்கு இந்தப் பக்கம் வருபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மிளகாயோடு வளர்ந்த நமக்கு இந்தச் சமையல் எளிதில் பிடிபட வேண்டும். ஆனால் அந்தப் பழக்கமே பல நேரங்களில் குறுக்கே நிற்கிறது. காரம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு, “நம் ஊர்க் காரத்தில் பாதிகூட இல்லை” என்று தள்ளிவிடுகிறோம். இங்கே மிளகாயைக் காரத்துக்காக மட்டும் சேர்ப்பதில்லை. அதுவே காய், அதுவே குழம்பு. 1965ஆம் ஆண்டிலேயே மிளகாயையும் பின்ட்டோ என்ற புள்ளி போட்ட பீன்ஸையும் மாநிலக் காய்கறிகளாக அறிவித்த ஊர் இது. முதல் வாயில் காரத்தைத் தேடாமல், சுட்ட தோலின் புகை மணத்தையும் காய்ந்த மிளகாயின் லேசான இனிப்பையும் மண் வாசனையையும் தேடுங்கள். மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

தனியாகப் போகாதீர்கள், ஒரு நண்பரோடு போங்கள். இந்தச் சாப்பாட்டுக்கு இரண்டு பேர் சரியான எண்ணிக்கை. ஒரு தட்டே ஒருவரால் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு வரும். இரண்டு பேர் என்றால் இரண்டு வேறு தட்டுகள், இரண்டு குழம்புகள், நடுவில் பகிர்ந்துகொள்ள ஒன்று. பழைய வீடுகளில் நடக்கும் இந்த உணவகங்களின் அறைகள் சிறியவை. எட்டுப் பேர் கூட்டமாகப் போனால் நெடுநேரம் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். இருவருக்கான மேசை சீக்கிரம் கிடைக்கும்.

1. போவதற்கு முன்: இது என்ன சமையல்?

இது டெக்ஸஸின் டெக்ஸ்-மெக்ஸ் உணவு இல்லை. சீரகத் தூள் தூக்கலாகப் போட்ட மாட்டிறைச்சிக் கூட்டும் குவியலாக மஞ்சள் சீஸும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் வாழ்ந்த முதற்குடிகளான பியூப்லோ மக்கள் சோளம் (நாம் மக்காச்சோளம் என்போமே அது), பீன்ஸ், பூசணி மூன்றையும் பயிரிட்டு வந்தார்கள். 1598இல் ஸ்பானியர் இங்கே குடியேறினார்கள். கோதுமையும் ஆடும் மாடும் பன்றியும் அவர்களோடு வந்தன. மிளகாயும் தெற்கே மெக்ஸிகோவிலிருந்து அவர்கள் வழியாகவே இங்கு வந்தது என்பது பெரும்பாலான வரலாற்றாளர்களின் கருத்து. அதே 16ஆம் நூற்றாண்டில்தான் போர்த்துக்கீசியக் கப்பல்களில் மிளகாய் இந்தியாவின் மேற்குக் கரைக்கும் வந்தது. நம் சமையலும் இவர்கள் சமையலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மிளகாயைக் கண்டுகொண்டன என்பதை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு இந்த ஊர்ச் சாப்பாட்டின் மேல் ஒரு தனி உறவு தோன்றுகிறது.

இன்று இங்கே விளையும் நீண்ட மிளகாய்க்கு ஃபாபியன் கார்சியா என்ற தோட்டக்கலை அறிஞர் வழிவகுத்தார். லாஸ் க்ரூசஸில் இப்போது நியூ மெக்ஸிகோ மாநிலப் பல்கலைக்கழகமாக இருக்கும் கல்லூரியில் அவர் பல ஆண்டுகள் ரகங்களைக் கலந்து வளர்த்து, 1921இல் ‘நியூ மெக்ஸிகோ நம்பர் 9’ என்ற ரகத்தை வெளியிட்டார். அதற்கு முன் ஒவ்வொரு காயும் ஒவ்வொரு அளவிலும் காரத்திலும் இருக்கும். தெற்கே ஹாட்ச் பள்ளத்தாக்கில் விளையும் மிளகாய்க்கு நாடு முழுவதும் பெயர் உண்டு. வடக்கே சிமாயோ போன்ற மலைக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்துப் பயிரிடும் சிறிய நாட்டு ரகங்களும் இருக்கின்றன; அவற்றின் சிவப்புத் தூள் விலை அதிகம், மணமும் அதிகம்.

சிவப்பும் பச்சையும் வேறு வேறு செடிகள் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே செடிதான். பழுக்காத காயைப் பறித்து, நெருப்பில் சுட்டு, தோலுரித்து நறுக்கினால் பச்சை. செடியிலேயே பழுக்கவிட்டுக் காயவைத்தால் சிவப்பு. வாசல்களிலும் திண்ணைகளிலும் சரமாகத் தொங்குவது இந்தச் சிவப்புதான். அந்தச் சரத்தை ரிஸ்ட்ரா என்பார்கள்.

2. நண்பரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியவை

உடன் வருபவர் நம் ஊர் நண்பர் என்றால் சிக்கல் குறைவு. அலுவலகத்திலோ கல்லூரியிலோ பழகிய அமெரிக்க நண்பர் என்றால் இரண்டு விஷயங்களை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்று, பணம். “வாருங்கள், சாப்பிடப் போகலாம்” என்று நம் ஊரில் கூப்பிட்டால், கூப்பிட்டவர் பணம் கொடுப்பார் என்பது பொதுவான எண்ணம். இங்கே அப்படி இல்லை. அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுப்பது வழக்கம். நீங்கள் விருந்து கொடுக்க விரும்பினால், “இது என் கணக்கு” என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பில் வந்ததும் அதைப் பிடுங்கி மல்லுக்கட்டுவது நமக்கு அன்பு. அவருக்கு அது தர்மசங்கடமாகப் படலாம்.

மற்றொன்று, யாருக்கு எது ஆகாது என்பது. கோதுமை ஒத்துக்கொள்ளாத நண்பருக்கு இந்தச் சமையல் பெரும்பாலும் பொருந்தும். சோள ரொட்டியில் நிறைய உணவுகள் இருக்கின்றன. ஆனால் சில சமையலறைகளில் மிளகாய்க் குழம்பைக் கெட்டியாக்க மைதா சேர்ப்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பகிர்ந்து சாப்பிடலாமா என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். எச்சில் பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. காலித் தட்டு கேட்டால் கொண்டுவந்து தருவார்கள். சாப்பிடத் தொடங்கும் முன்பே பிரித்து வைத்துக்கொண்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

3. இடமும் நேரமும்

ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முழுவதும் வருவது என் முதல் பரிந்துரை. அப்போதுதான் பச்சை மிளகாய் அறுவடை. பலசரக்குக் கடைகளின் வாசலிலும் வாகன நிறுத்தங்களிலும் கம்பி வலை உருளைகளில் மிளகாயைக் கொட்டி, எரிவாயுச் சுடரின் மேல் சுழற்றிச் சுடுவார்கள். தோல் கருகி வெடிக்கும் அந்த வாசனை ஊரையே நிரப்பும். 2023இல் சுட்ட பச்சை மிளகாயின் மணத்தை மாநிலத்தின் அதிகாரபூர்வ மணமாகவே அறிவித்தார்கள். அந்த வாசனையை நுகர்ந்துவிட்டு உணவகத்துக்குள் போகிறவருக்குத் தட்டில் வருவது என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. குளிர்காலமும் நல்லதே, வேறு வகையில் நல்லது. மூலையில் கீவா என்ற வளைந்த மண் அடுப்பு எரியும். பின்யோன் என்ற பைன் மர விறகின் பிசின் மணத்தில் உட்கார்ந்து சூடாக ஒரு கிண்ணம் போசோலே என்ற சோளக் கஞ்சி குடிக்கலாம்.

சான்டா ஃபே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானலைப் போல. கோடையிலும் மாலை ஆனதும் குளிரும். ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். வந்த முதல் நாள் தலைவலியோ மூச்சிரைப்போ வரக்கூடும். அதனால் முதல் நாளே வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். தண்ணீர் நிறையக் குடித்து, ஒரு நாள் கழித்து இந்த விருந்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆல்புகர்க்கி சுமார் 5,300 அடி. அங்கே அவ்வளவு தெரியாது.

எங்கே போவது? முதல் முறை வருபவருக்கு மூன்று இடங்களைச் சொல்வேன்.

சான்டா ஃபேயின் நடுச் சதுக்கத்திலிருந்து சில அடிகள் நடந்தால் ஈஸ்ட் பேலஸ் அவென்யூவில் ‘தி ஷெட்’ இருக்கிறது. 1953இல் தொடங்கிய குடும்ப உணவகம். இப்போது இருக்கும் கட்டடத்தின் பழைய பகுதி 1692ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தடித்த மண் சுவர்கள், சின்னச் சின்ன அறைகள், உயரமானவர் தலை குனிந்து போக வேண்டிய வாசல்கள். சிவப்புக் குழம்புக்குப் பெயர் பெற்ற இடம். தட்டோடு பூண்டு தடவிய ரொட்டி வருவது இவர்கள் வழக்கம்.

சான்டா ஃபேயிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் சிமாயோ. அங்கே ‘ராஞ்சோ டே சிமாயோ’ 1965இல் ஒரு பழைய குடும்ப வீட்டில் தொடங்கப்பட்டது. அருகிலேயே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய சான்டுவாரியோ தேவாலயம் இருக்கிறது. காலையில் அதைப் பார்த்துவிட்டு மதியம் சாப்பிடப் போவது நல்ல திட்டம். ஒரு எச்சரிக்கை: புனித வெள்ளியன்று ஆயிரக்கணக்கானோர் நடந்தே யாத்திரை வருவார்கள், சாலை ஓரமெல்லாம் மக்கள். அன்று காரில் சாப்பிடப் போகும் எண்ணம் வேண்டாம்.

ஆல்புகர்க்கியில் இருப்பவர்கள் முதலில் இந்தியன் பியூப்லோ கல்ச்சுரல் சென்டருக்குப் போங்கள். 19 பியூப்லோ சமூகங்கள் சேர்ந்து நடத்தும் அருங்காட்சியகம் அது. உள்ளேயே உணவகமும் உண்டு. ஸ்பானியர் வருவதற்கு முன்பே இங்கிருந்த சோளமும் பீன்ஸும் யாருடையவை என்பதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவது முறையான வரிசை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இவை தவிர, தெருமுனையில் பெயர்ப் பலகை மங்கிப்போன சிறு உணவகங்கள் எத்தனையோ உண்டு. பல கடைகள் காலையும் மதியமும் மட்டுமே திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மூடுவனவும் உண்டு. கிளம்பும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு வீண் பயணத்தைத் தவிர்க்கும். பதினொன்றரை மணிக்கே மதியச் சாப்பாட்டுக்கும் ஐந்து மணிக்கே இரவுச் சாப்பாட்டுக்கும் போய்விட்டால் காத்திருப்பு குறையும்.

4. உள்ளே நுழைந்ததும்

காலியாக இருக்கும் மேசையில் நாமே போய் உட்காரக் கூடாது. வாசலில் இருப்பவரிடம் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் சொல்லிக் காத்திருங்கள். இருவரும் வந்து சேர்ந்த பிறகே உட்கார வைக்கும் இடங்கள் பல; நண்பர் தாமதமானால் உங்கள் முறை தள்ளிப்போகும். மேசை கொடுக்கும்போது அடுப்பருகே இடம் இருக்கிறதா, முற்றத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் தவறில்லை. நிதானமாகப் பேச வேண்டும் என்றால் உள்ளறை மூலையைக் கேளுங்கள். வாசலருகே காத்திருப்பவர்களின் பேச்சு ஓயாது.

தண்ணீர் இலவசம், ஐஸோடு வரும். வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மது அருந்துபவர்கள் 21 வயதைக் காட்டும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். இந்த உயரத்தில் புதிதாக வந்தவர்கள் ஒரு மார்கரீட்டாவோடு (டெக்கீலா மதுவும் எலுமிச்சையும் கலந்த பானம்) நிறுத்திக்கொள்வது நல்லது. மது வேண்டாதவர்களுக்கு அரிசியும் பட்டையும் சேர்த்த ஓர்ச்சாத்தா இருந்தால் அருமை. காரத்துக்கும் நல்ல துணை.

பில்லைத் தனித்தனியாகக் கேட்பதென்றால் இந்தக் கட்டத்திலேயே, ஆர்டர் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

5. சைவர்கள் கேட்டே தீர வேண்டிய கேள்விகள்

இதை மேலோட்டமாகச் சொல்லிப் போக எனக்கு மனம் வரவில்லை. பட்டியலில் ‘சீஸ்’ என்றும் ‘பீன்ஸ்’ என்றும் எழுதியிருப்பதை நம்பி ஆர்டர் கொடுத்துவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் உண்மை தெரிந்து எழுந்துபோகிறவர்கள் உண்டு. இந்தச் சமையலில் பன்றிக் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாமல் பல இடங்களில் இருக்கும். இங்கே அதன் பெயர் லார்டு.

பீன்ஸில் லார்டு உண்டா என்று கேளுங்கள். குறிப்பாக மசித்து வறுத்த பீன்ஸில். முழுதாக வேகவைத்த பீன்ஸிலும் சிலர் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள். கோதுமை ரொட்டியிலும், பூரி போன்ற சோபைபீயாவின் மாவிலும் லார்டு இருக்கலாம். சிவந்த சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பது பரவலான வழக்கம். மிக முக்கியமானது குழம்பு: பச்சைக் குழம்பில் பன்றியோ கோழிச் சாறோ சேர்க்கும் சமையலறைகள் நிறைய, சிவப்பிலும் சில இடங்களில் இறைச்சி இருக்கும். “இந்தக் குழம்பு வெஜிடேரியனா? இறைச்சிச் சாறு சேர்த்ததா?” என்று இரண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பல உணவகங்களில் ஏதேனும் ஒன்றாவது சைவமாக இருக்கும். பரிமாறுபவருக்குத் தெரியாவிட்டால் உள்ளே போய்க் கேட்டு வந்து சொல்வார். அவரை அலைக்கழிப்பதாக நினைக்க வேண்டாம். இங்கே இது தினமும் வரும் கேள்வி.

போசோலே என்ற பருத்த சோளக் கஞ்சியில் பொதுவாகப் பன்றி இறைச்சி உண்டு. சோள மட்டையில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் தமாலேயின் மாவில் லார்டு உண்டு. கடைசியில் வரும் பிஸ்கோச்சீத்தோ, 1989இல் மாநில பிஸ்கட்டாக அறிவிக்கப்பட்ட சோம்பு மணக்கும் பலகாரம், மரபாக லார்டில் செய்வது. பன்றி உண்ணாதவர்களும் மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் என்சிலாடாவின் (சோள ரொட்டிக்குள் ஏதேனும் வைத்துக் குழம்பு ஊற்றியது) உள்ளே என்ன வைக்கிறார்கள் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சீஸ், கோழி, மாடு என்று மூன்று வகையும் இருக்கும். சைவர்களுக்குக் கவலையில்லாமல் கிடைப்பது பெரும்பாலும் கலபசீத்தாஸ்: இளம் பூசணி வகையும் சோளமும் பச்சை மிளகாயும் வதக்கிய கூட்டு. பக்க உணவாகத்தான் பட்டியலில் இருக்கும். இரண்டு பங்கு கேட்டு வாங்குங்கள்.

6. இரண்டு தட்டுகள்: என் பரிந்துரை

முதல் தட்டு நீலச் சோள என்சிலாடா. சுருட்டியது வேண்டாம், அடுக்கியது கேளுங்கள். நீலச் சோள ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுநடுவே சீஸும் வெங்காயமும் தூவி, மேலே குழம்பு ஊற்றித் தருவது வடக்கு நியூ மெக்ஸிகோவின் வழக்கம். மேலே ஒரு முட்டையைப் பொரித்து வைக்கச் சொல்லலாம். முட்டை உண்பவர்கள் தவறாமல் சொல்லுங்கள். உடைந்து வழியும் மஞ்சள் கரு சிவப்புக் குழம்பின் கூர்மையைத் தணித்து ஒரு கொழுமையைக் கொடுக்கும். ரொட்டி சாம்பல் கலந்த நீலமாக இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். பியூப்லோ மக்களும் ஹோப்பி மக்களும் நெடுங்காலமாகப் பயிரிடும் சோளத்தின் இயற்கை நிறம் அது. மஞ்சள் சோளத்தைவிடக் கொட்டைச் சுவை அதிகம்.

போசோலே சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோல் நீக்குவார்கள்; ரொட்டிக்கான சோளத்தையும் பெரும்பாலும் அப்படித்தான். சுண்ணாம்பு சேரும்போது சோளத்தில் அடைபட்டிருக்கும் நயாசின் சத்து உடம்புக்குக் கிடைக்கிறது. இந்த முறையை விட்டுவிட்டு சோளத்தை மட்டும் ஏற்றுக்கொண்ட நாடுகளில் நயாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா என்ற நோய் பரவியது. அமெரிக்க முதற்குடிகளின் அறிவு எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது தட்டு நண்பரைப் பொறுத்தது. சைவம் என்றால் சிலே ரெயேனோ: முழு நீளப் பச்சை மிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, சீஸ் அடைத்து, முட்டை மாவில் தோய்த்துப் பொரிப்பது. முட்டை ஆகாதவர்களுக்கு இது சரிப்படாது. இறைச்சி உண்பவர் என்றால் கார்னே அடோவாடா. பன்றி இறைச்சியைச் சிவப்பு மிளகாய்க் குழம்பில் ஊறவைத்து, கரண்டி பட்டால் பிரியும்வரை மெதுவாக வேகவைப்பார்கள். நியூ மெக்ஸிகோவின் சிவப்பு மிளகாய் என்ன செய்ய வல்லது என்று ஒரே உணவில் தெரிய வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். தக்காளி இருக்காது. மிளகாய், பூண்டு, உப்பு, கொஞ்சம் ஆரெகனோ இலை, ஏறத்தாழ அவ்வளவுதான்.

ஒருவர் தட்டில் சிவப்பு, மற்றவர் தட்டில் பச்சை என்று சொல்லுங்கள். அல்லது என்சிலாடாவுக்கு மட்டும் “கிறிஸ்துமஸ்” கேளுங்கள். இரண்டு தட்டுக்கும் கிறிஸ்துமஸ் கேட்டால் எல்லாம் கலந்து ஒரு சுவையும் தனியாக நிற்காது.

சோளச் சிப்ஸும் குவாகமோலே என்ற அவகாடோ மசியலும் முதலில் வாங்கலாம், ஆனால் அளவோடு. சிப்ஸ் எல்லா இடங்களிலும் இலவசம் இல்லை. அதில் வயிற்றை நிரப்பிக்கொண்டால் தட்டு வரும்போது பசி போயிருக்கும். பட்டியலில் பர்கர் இருக்கும், பச்சை மிளகாய் வைத்த பர்கர். இந்த மாநிலத்தார் அதற்காக உயிரையே கொடுப்பார்கள். முதல் வருகைக்கு அது வேண்டாம்.

7. காரத்தைக் கையாளுதல்

எது அதிகக் காரம், சிவப்பா பச்சையா? நிலையான பதில் இல்லை. அந்த ஆண்டின் மழை, நிலம், ரகம், பறித்த நேரம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஆகவே “இன்று எது காரம்?” என்று கேளுங்கள். சின்னக் கிண்ணத்தில் இரண்டும் ருசி பார்க்கக் கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு கொண்டுவந்து தருவார்கள். குழம்பைத் தட்டில் ஊற்றாமல் பக்கத்தில் தரவும் கேட்கலாம். குழந்தைகள், வயிற்றுப் புண் உள்ளவர்கள் உடன் இருந்தால் இதுவே சரி.

“நாங்கள் இந்தியர்கள், எவ்வளவு காரமும் தாங்குவோம்” என்று சவால் விடுவதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். நம் சாப்பாட்டில் மிளகாய் சோற்றிலும் புளியிலும் தேங்காயிலும் பரவி வருகிறது. இங்கே தட்டின் மேல் வருவது ஏறக்குறைய முழுக்க மிளகாய். காரம் மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கும். ஏறிவிட்டால் தண்ணீர் உதவாது, காரச் சத்து தண்ணீரில் கரைவதில்லை. பால் பொருள்கள் அதைப் பிடித்து இறக்கும். புளிப்பு கிரீம் ஒரு கரண்டி போதும்.

8. சோபைபீயா

பூரியைப் போல உப்பி, தலையணை வடிவில் சூடாக வரும் கோதுமைப் பலகாரம் இது. பல உணவகங்களில் சாப்பாட்டோடு சேர்ந்தே வரும். தனியாகக் கேட்க வேண்டிய இடங்களும் உண்டு. கூடவே தேன் வைப்பார்கள். ஒரு முனையைக் கிள்ளுங்கள். ஆவி வெளியே வரும், விரல் பத்திரம். அந்தத் துளை வழியே தேனை உள்ளே ஊற்றிக் கையாலேயே சாப்பிடுங்கள். கத்தியும் முள்கரண்டியும் வேண்டாம். சிலர் அதைக் கிழித்துத் தட்டில் மிஞ்சிய குழம்பைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, இரண்டாவதுக்கு மட்டும் தேன் ஊற்றுவார்கள். என் வழியும் அதுதான். காரத்தின் மேல் தேன் படும் அந்த நொடிக்காகவே இந்தச் சாப்பாட்டை இதோடு முடிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஆறினால் தொய்ந்து ரப்பராகிவிடும், பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சூட்டிலேயே சாப்பிடுங்கள்.

தனியாக இனிப்பு வேண்டுமென்றால் நத்தீயாஸ் என்ற பட்டைத் தூள் தூவிய பால் முட்டைக் கூழ் ஒன்று வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். பெரும்பாலும் தேவைப்படாது.

9. பில்

சாப்பிட்டு முடித்ததும் பில்லை மேசையில் வைத்துவிட்டு “அவசரமில்லை” என்பார்கள். வாசலில் கூட்டம் காத்திருந்தால் அதைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். கூட்டம் இல்லையென்றால் நிதானமாக உட்கார்ந்து பேசலாம். கார்டை வாங்கிப் போய்த் திருப்பிக் கொண்டுவருவார்கள். சீட்டில் டிப்ஸ் தொகையையும் மொத்தத்தையும் நீங்களே எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம். 40 டாலர் சாப்பாட்டுக்கு 8 டாலர். இது நம் ஊரில் சில்லறையை விட்டுவருவது போன்ற விருப்பக் காசு இல்லை. நியூ மெக்ஸிகோ மாநிலச் சட்டப்படி 2023 முதல், டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3 டாலர்தான். டிப்ஸையும் சேர்த்து 12 டாலர் வரவேண்டும் என்பது கணக்கு. அதாவது உங்கள் தட்டைத் தூக்கி வந்தவரின் சம்பளத்தில் பெரும்பகுதி நீங்கள் எழுதும் அந்த எண்தான். சைவக் கேள்விகளுக்காகப் பலமுறை சமையலறைக்கு நடந்தவருக்கு 20க்குக் குறைத்து எழுதாதீர்கள். ஏற்கெனவே சேவைக் கட்டணம் சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

10. மிச்சத்தை என்ன செய்வது

மிஞ்சும், நிச்சயம் மிஞ்சும். பெட்டி கேளுங்கள். காலிப் பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள், நாமே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சிவப்பையும் பச்சையையும் தனிப் பெட்டியில் வையுங்கள். வெயில் நேரத்தில் காரில் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். வெளியே 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான். மறுநாள் காலை மைக்ரோவேவில் வைக்காமல், தோசைக்கல்லில் மூடிபோட்டு மெல்லிய தீயில் சுடவைத்தால் சோள ரொட்டியின் ஓரம் மொறுமொறுப்பாகும். அதன் மேல் புதிதாக ஒரு முட்டை பொரித்துப் போட்டுச் சாப்பிடுங்கள். அப்போது குழம்பு முந்தைய நாளைவிட ஊறி நன்றாகவே இருக்கும்.